முதல் பிரேக் பாடசாலை வாசலில் வேண்டாம்



மாரி தொடங்கிவிட்டது. கிட்டங்கியிலும் மாவடிப்பள்ளியிலும் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்வதும், வயலுக்குள் போய் வந்த உழவு இயந்திரங்கள் தார் ரோட்டில் சேறு கொட்டிப் போவதும் நமக்குப் புதிதல்ல. இந்தக் காலத்தில் ஊரில் அடிக்கடி கேட்கிற பேச்சு இரண்டு. "ஸ்டியரிங் நடுங்குது." "பிரேக் சரியாப் பிடிக்குதில்ல." அதற்கு எப்போதும் ஒரே பதில்தான்: "மழைக்கு அப்படித்தான், வெயில் வந்தாச் சரியாகிடும்."

அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

போன மாரியில் எங்கள் வீட்டுக் காரில் நடந்தது இது. சில்லு பாதி நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்ற ஒழுங்கையைக் கடந்து பாடசாலை ரோட்டுக்கு வந்தோம். வாசலில் பிரேக்கை மிதித்தால் முதலில் ஒன்றுமே பிடிக்கவில்லை. பிறகு திடீரென்று ஒரு பக்கமாக இழுத்து, நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு கார் நீளம் தள்ளித்தான் நின்றது. குடையோடு குறுக்கே போன பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். கராஜுக்குக் கொண்டு போனோம். பாஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்றார். அதற்குள் எல்லாம் காய்ந்துவிட்டது.

நடப்பது இதுதான். பிரேக் என்பது உராய்வு. இடையில் தண்ணீர் புகுந்தால் உராய்வு குறையும். டிஸ்க் பிரேக் திறந்திருப்பதால் சுழற்சியிலேயே தண்ணீரைச் சீக்கிரம் உதறிவிடும். ட்ரம் பிரேக் மூடிய பெட்டி மாதிரி. உள்ளே போன தண்ணீர் இலேசில் வெளியே வராது. சிறிய கார்கள் பலவற்றிலும் வேன்களிலும் பின் சில்லுகளுக்கு ட்ரம்தான். ஓட்டோக்களில் பெரும்பாலும் எல்லாமே ட்ரம். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் வாகனம் காய்ந்த பக்கம் இழுக்கும்.

இதற்கு மருந்து சுலபம். தண்ணீரைக் கடந்ததும், பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்து, மெதுவாக ஓடியபடியே பிரேக்கை மெல்ல மெல்லப் பல தடவை மிதியுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காயும். வழமைபோல் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வேகம்.

அடுத்தது நடுக்கம். சில்லைப் பலன்ஸ் பண்ணும்போது 5 கிராம், 10 கிராம் கட்டிகள் ஒட்டுவதைப் பார்த்திருப்போம். அவ்வளவு சிறிய எடைக்கே வித்தியாசம் தெரியும் என்றால், ரிம்மின் உட்பக்கம் ஒரு கைப்பிடிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கும். முன் சில்லு என்றால் கையில் தெரியும், பின் சில்லு என்றால் இருக்கையில் தெரியும். ரிம்மின் உட்பக்கத்தை நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

காலையில் முதல் தடவை மிதிக்கும்போது 'கரகர' என்று வரும் சத்தமும் இரவு ஈரத்தில் டிஸ்க்கில் பிடித்த மெல்லிய துருதான். நாலு தடவை மிதித்தால் போய்விடும். வழுக்கும் ரோட்டில் சடுதியாக மிதிக்கும்போது ஏபிஎஸ் உள்ள வாகனத்தில் மிதி அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள். அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இவைதான் அந்தப் பாதி உண்மை. வெயில் வந்தாலும் சரியாகாதவை வேறு.

கழுவிய பிறகும் நடுக்கம் இருந்தால், தண்ணீருக்குள் தெரியாத குழியில் ரிம் வளைந்திருக்கலாம், டயர் புடைத்திருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் போய்ச் சில வாரம் கழித்துச் சில்லில் இரைச்சல் வந்தால் பெயாரிங்குக்குள் தண்ணீர் போயிருக்கலாம். மிதி மெத்தென்று இறங்கினால் பிரேக் ஒயில் பக்கம் பாருங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை தாங்கும் என்றால், ஈரம் சேர்ந்தபின் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டயரின் காடிக்குள் இருக்கும் சிறு மேட்டோடு டயர் சமமாகிவிட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர்தான். அந்த டயரோடு மழையில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

இனி, மனசில் இருப்பதைச் சொல்கிறோம்.

இதெல்லாம் பாடசாலை வேன் ஓட்டும் நம் சகோதரர்களுக்குத் தெரியாததல்ல. நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் 7.30க்கு வாசலை மூடுவது யார்? ஆசிரியர்களாகிய நாங்கள். பத்து நிமிடம் பிந்தினால் போன் எடுத்து ஏசுவது யார்? பெற்றோராகிய நாங்கள். மாதக் கட்டணத்தில் இருநூறு ரூபாய் கூட்டிக் கேட்டால் வேறு வேன் தேடுவதும் நாங்கள்தான். பிறகு அவர் எந்த நேரத்தில் பிரேக்கைக் காயவைப்பார்? எந்தக் காசில் டயர் மாற்றுவார்?

ஏதாவது நடந்துவிட்டால் கத்ர் என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். கத்ரை நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தேய்ந்த டயர் கட்டாத ஒட்டகம்.

அதனால் இந்த மாரிக்கு மூன்று காரியம் செய்வோம். மழை நாளில் பிந்தி வரும் வேன் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாமல் உள்ளே எடுப்போம். பெற்றோர் சேர்ந்து, வேனின் டயரையும் பிரேக்கையும் ஒரு தடவை பார்க்கும் செலவில் பங்கு போடுவோம். ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடும் நாளில் "எப்படியாவது கொண்டு போங்க" என்று எந்தச் சாரதியையும் நெருக்காமல் இருப்போம்.

ஒரு நாள் பாடம் விடுபட்டால் அடுத்த நாள் நாங்கள் படிப்பித்துக் கொள்வோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும், அவர்களை ஏற்றிச் செல்பவர்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.