செய்தி எட்டினாற் போதுமோ?

பாடத்தைச் சொன்னவுடன் கற்பித்தாயிற்று என எண்ணும் ஆசிரியன் தன்னையே ஏமாற்றுகின்றான். மாணவன் அதனைக் கைக்கொண்ட பின்னரே கற்பித்தல் நிறைவெய்தும். கைத்தொலைபேசி வழியே வரும் சுகாதாரச் செய்திகளுக்கும் இவ்வுண்மை பொருந்துமென்பது எம் கருத்து.

2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின் பின், டிசம்பரில் யாழ்ப்பாணத்திற் காய்ச்சலொன்று பரவிச் சில உயிர்களைக் கவர்ந்தது. எம் வடமராட்சியும் அதற்குத் தப்பவில்லை. முதலில் அதனை மர்மக் காய்ச்சல் என்றனர். பின்னரே எலிக்காய்ச்சல் எனத் துணிந்தனர். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி, காலிலுள்ள புண், வெடிப்பு வழியே உடலிற் புகும். வயலில் இறங்குவோர் வைத்திய ஆலோசனைப்படி டொக்சிசைக்கிளின் குளிசையை முன்னரே உட்கொள்ளின் ஆபத்துப் பெரிதுங் குறையும்.

இவ்வறிவித்தல் வாட்சப்பில் வந்தது. காய்ச்சலுக்கு வேறு காரணங் கற்பித்த குரற்பதிவுகளும் உடன் வந்தன. தொண்டைமானாற்றில் யாம் அறிந்த கமக்காரர் ஒருவர் யாவற்றையுங் கேட்டார், எதனையுஞ் செய்திலர். மூன்றாம் நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையடியில் நின்று, "அண்ணை, கால் வெடிச்சிருக்குது. வயலுக்கு இறங்க முன்னம் குளிசையைப் போடுங்கோ" என்றார். கமக்காரர் தம் ஐயங்களை வினவினார், விடை பெற்றார், அன்றே குளிசையும் போட்டார். தொலைபேசி சொன்னதும் பரிசோதகர் சொன்னதும் ஒன்றே. ஆயின் பின்னதற்கு முகம் இருந்தது. வினவ இடம் இருந்தது.

அவ்வாறாயின் மின்வழிச் செய்தி வீணோ? அன்று. அதன் விரைவு பெரும் பேறேயாம். ஆனால் அவ்விரைவு பொய்க்கும் உரியது. 2020 டிசம்பரிற் கொரோனாவைத் தீர்க்குமெனப் பேசப்பட்ட பாணியொன்றைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தமையை நாடறியும்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையுந் தமிழிலாக்கினார். மக்கள் மொழியில், மக்கள் நடுவே நின்று சொல்லும் அறிவே வேர்கொள்ளும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்விழாவாண்டில் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர்கள் மாதமொருமுறை இரண்டு நிமிடம் ஊர்த்தமிழிற் பேசித் தம் பெயருடன் அனுப்புவாராக. உயர்வகுப்பு மாணவர் அதனை வீட்டு முதியோர்க்குக் கேட்பித்து, அவர்தம் வினாக்களைத் திருப்பி அனுப்புவாராக. எந்தச் செய்தி வரினும், சொன்னவர் யார், சொன்னது எப்பொழுது, யாரிடம் வினவலாம் என்னும் மூன்றையும் ஆராய யாம் வகுப்பிற் பழக்குவோம். அதுவுந் தமிழ்ப்பாடமே.