கேலிப்படம் மாட்டுறீங்களா? யாரைக் கேலி பண்ணுதுன்னு தெரிஞ்சுட்டு மாட்டுங்க

மெட்டல் பிரிண்ட் இப்போ நம்ம ராஜபாளையம் பக்கமும் வந்தாச்சு. ஹாஸ்டல் ரூம், காபி ஷாப், ஜிம்னு எங்கே போனாலும் பளபளன்னு ஒரு அலுமினியத் தகடு சுவரில் தொங்குது. கார், சூப்பர் ஹீரோ, "விடாமுயற்சி" வாசகம் எல்லாம் சலிச்சுப்போனவங்க அடுத்து போற இடம் 'விண்டேஜ் கார்ட்டூன்'. ஆன்லைனில் தேடினால் ஜேம்ஸ் கில்ரே 1805-ல் வரைஞ்ச படம் கண்டிப்பா வரும். பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் எதிரெதிரே உட்கார்ந்து, உலக உருண்டையைப் புட்டிங் மாதிரி வெட்டித் தட்டில் போட்டுக்கொள்ளும் படம்.

நல்ல படம்தான். மாட்டக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை. சொல்லப்போனா, இந்த மாதிரிப் படங்களுக்கும் உலோகத்துக்கும் பழைய உறவு. கில்ரே காகிதத்தில் வரைஞ்சு நிறுத்தலை, செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அதிலிருந்து அச்செடுத்தார். லண்டனில் அதை விற்ற கடையின் ஜன்னல் முன்னால் கூட்டம் நின்னு பார்க்கும். தகட்டிலிருந்து காகிதத்துக்குப் போன படம், இருநூறு வருஷம் கழிச்சுத் திரும்பவும் தகட்டுக்கே வந்திருக்கு.

என் பிரச்சினை வேற. அந்த ஜன்னல் முன்னால் நின்னவங்களுக்குப் பிட் யாருன்னு தெரியும், அவர் அவங்களை ஆண்டுகிட்டிருந்தார். நமக்கு அவர் தொப்பை இல்லாத ஒரு ஒல்லி மனுஷன், அவ்வளவுதான். கேலி பண்ணப்பட்ட ஆளும் செத்தாச்சு, கேலியும் செத்தாச்சு, மிச்சம் இருப்பது அலங்காரம். அதனாலதான் எந்தக் கடைக்காரரும் அதைப் பயமில்லாம மாட்டுறார்.

வரைஞ்ச காலத்தில் இது பயமில்லாத வேலையா? பிரான்சில் ஓனோரே தோமியே 1831-ல் மன்னர் லூயி பிலிப்பை, மக்கள் பணத்தை விழுங்கும் ராட்சதனா வரைஞ்சார். அடுத்த வருஷம் ஆறு மாதம் ஜெயில். அவ்வளவு தூரம் எதுக்கு? 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருக்கும் இரண்டு பேரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார்னு கேட்க, இருவரையும் திருடனோடும் கொள்ளைக்காரனோடும் ஒப்பிட்டுப் பதில் வரும். தமிழ்நாடு சட்டமன்றம் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிச்சது. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாளிலேயே விட்டுட்டாங்க. அவர் சும்மா விடலை, வழக்குப் போட்டு ஜெயிச்சார். இழப்பீடு 1000 ரூபாய். அதைச் செலவு பண்ணாம ஃப்ரேம் போட்டு ஆபீஸில் மாட்டினார்! சுவர் அலங்காரம்னா அதுங்க.

சரி, நாம எதை மாட்டலாம்? எனக்குக் கேட்டால் 'இந்தியா' பத்திரிகைப் படங்கள். நம்ம பக்கத்து எட்டயபுரத்துக்காரர் பாரதி ஆசிரியரா இருந்த வாரப் பத்திரிகை. 1906-ல் சென்னையில் தொடங்கி, 1908-ல் புதுச்சேரிக்குப் போய், 1910-ல் நின்னுபோச்சு. தமிழில் அரசியல் கார்ட்டூனுக்கு வழி போட்டது அதுதான். புதுச்சேரிக்கு ஏன் போச்சு? 1908-ல் அரசு ராஜத்துரோக வழக்குப் போட்டது. காகிதத்தில் ஆசிரியர்னு பெயர் இருந்தது எம்.சீனிவாசனுக்கு. எழுதினது பாரதி, ஐந்து வருஷத் தண்டனை சீனிவாசனுக்கு. பாரதியைத் தெரியாத தமிழன் இல்லை, சீனிவாசனைத் தெரிஞ்சவங்க நம்ம கிளாஸில் எத்தனை பேர்?

இந்தப் படங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி தொகுத்து 'பாரதியின் கருத்துப்படங்கள்'னு புத்தகமாவே போட்டிருக்கார். புரட்டிப் பார்த்தால் ஒண்ணு கவனிப்பீங்க. அந்தப் பத்திரிகையில் படத்தோட விளக்கமும் சேர்ந்தே வரும். கார்ட்டூன் பார்த்துப் பழக்கமில்லாத வாசகனுக்கு யார் யார், என்ன நடக்குதுன்னு எழுதியே சொல்லிடுவாங்க. மெட்டல் பிரிண்ட் விக்கிறவங்க முதலில் வெட்டி எறியறது இந்த விளக்கத்தைத்தான், 'டிசைன்' கெட்டுப்போகுமாம். விளக்கம் போனால் அது வெறும் மீசை வெச்ச ஆளும் ஒரு மாடும்.

இனி நம்ம டிபார்ட்மென்ட் விஷயம். மெட்டல் பிரிண்ட் பெரும்பாலும் சப்ளிமேஷன் முறைதான், ஹாஸ்டல் பிறந்தநாள் மக் பண்ற அதே டெக்னிக். டிரான்ஸ்ஃபர் பேப்பரில் தலைகீழ் பிம்பமா அடிச்சு, பாலிமர் பூசிய அலுமினியத்தின் மேல் வெச்சு, சுமார் 200 டிகிரி செல்சியஸில் அழுத்தினால், சாயம் திரவமாகாமலே ஆவியாகிப் பூச்சுக்குள்ளே போய்டும். இதில் வெள்ளை மை கிடையாது. வெள்ளி நிறத் தகடு எடுத்தால் படத்தில் வெள்ளையா இருக்க வேண்டிய இடமெல்லாம் உலோகமாத் தெரியும், நெருக்கமான கோட்டோவியம் மங்கிடும். வெள்ளைப் பூச்சுத் தகடு கேளுங்க, மேட் ஃபினிஷ் கேளுங்க. பளபளப்பு எடுத்தால் படத்துக்குப் பதில் ட்யூப்லைட்தான் தெரியும். பழைய ஸ்கேனை அப்படியே ரெண்டடிக்குப் பெரிசாக்காதீங்க. கோட்டை மட்டும் வெக்டராக்கிட்டு அப்புறம் பெரிசாக்குங்க. நூறு வருஷம் தாண்டின படம், காப்புரிமைத் தொல்லையும் இல்லை.

"காலேஜில் அரசியல் வேண்டாம்"னு யாராவது சொல்வாங்க. அதே ஆள் நெப்போலியன் படத்துக்கு ஓகே சொல்வார், பாருங்க. 120 வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்கார அரசைக் கிண்டல் பண்ணினதுக்கே இன்னிக்கு அனுமதி யோசிக்க வேண்டியிருந்தால், அந்தப் படத்துக்கு இன்னும் உயிர் இருக்குன்னு அர்த்தம். எனக்கு அது மாட்டுவதற்கான காரணம்.

அடுத்த சிம்போசியத்துக்கு ஃபிளெக்ஸுக்குப் போற காசில் ஐந்து தகடு போடலாம். விளக்கம் எழுதத் தகவல் வேணும்னா, ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் தொடங்கின பென்னிங்டன் நூலகம் இருக்கு. பால்கோவா வாங்க மட்டும் அந்த ஊருக்குப் போற நம்மாளுங்க அங்கேயும் ஒரு மணி நேரம் உட்காரலாம். காலேஜில் இடம் தரலைன்னா, முன்னாள் முதல்வர் பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே கலைக்காகக் கொடுத்த காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் இருக்கு. போய்க் கேட்டுப் பார்ப்போம். ஐந்து தகட்டில் ஒண்ணில் சீனிவாசன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கணும். மீதி நாலைத் தேர்ந்தெடுக்க யார் வர்றீங்க?