கஷ்டம் எழுத்தாளனை உருவாக்குமா?

'கஷ்டப்பட்டவன்தான்டா மேலே வருவான்' என்ற வசனத்தைக் கேட்காதவர் நம்மில் யார்? எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கிறது. இந்த வசனத்துக்குத் தோதான உதாரணம் ருட்யார்ட் கிப்ளிங். 1907-ல் நோபல் பரிசு பெற்றவர், மோக்ளியைப் படைத்தவர். (அவருடைய ஏகாதிபத்திய அரசியல் எனக்கு ஆகாது. அது வேறு சண்டை.)

1865-ல் பம்பாயில் பிறந்தவர். 1871-ல், ஆறு வயது நிரம்பாத அவரையும் மூன்று வயதுத் தங்கையையும் பெற்றோர் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய், சவுத்ஸீ என்ற ஊரில் முன்பின் தெரியாத குடும்பத்திடம் பணம் கொடுத்து விட்டுவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் திரும்பிவிட்டார்கள். இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களின் வழக்கம் அது. அந்த வீட்டு அம்மாள் அடிப்பார். எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை. பார்வை மங்கிப் படிப்பு கெட்டது; அதற்கும் தண்டனை. ஒருநாள் 'பொய்யன்' என்று அட்டை எழுதி முதுகில் மாட்டித் தெருவழியே பள்ளிக்கு அனுப்பினார்கள். 1877 வரை இந்தப் பாடு.

அடிக்குப் பயந்து யோசித்து யோசித்துப் பொய் சொன்னதே தன் எழுத்துக்கு அஸ்திவாரம் என்கிற மாதிரி, இறந்தபின் 1937-ல் வெளிவந்த சுயசரிதையில் அவரே சொல்கிறார். அவரே சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அடி வாங்கினவனெல்லாம் எழுத்தாளன் ஆவான்னா, எங்க தெருவில் பாதிப்பேர் நோபல் வாங்கியிருக்கணும்!

வருஷத்தில் ஒரு மாசம், டிசம்பரில், லண்டனில் சித்தி ஜார்ஜியானா வீட்டுக்குப் போவார். சித்தப்பா பர்ன்-ஜோன்ஸ் பெரிய ஓவியர். அங்கே படம், விளையாட்டு, பாசம். வில்லியம் மோரிஸ் போன்றவர் உட்கார்ந்து கதை சொல்வார். மற்ற பதினோரு மாசத்தைத் தாங்க வைத்தது அந்த ஒரு மாசம்தான் என்பது என் கட்சி. 1894-ல் வந்த 'ஜங்கிள் புக்'கைப் பாருங்கள். பெற்றவர்களைப் பிரிந்த பையனை ஓநாய்த்தாய் தன் குட்டியாகவே வளர்க்கிறாள். கரடி பாடம் நடத்துகிறது. அடி அங்கேயும் உண்டு. ஆனால் அடிக்கிற கரடிக்குப் பாசமும் உண்டு. சவுத்ஸீயில் இருந்து மட்டும் இதை எழுத முடியுமா?

மெஸ் பில் கட்ட முடியாமல், அரியரும் வைத்து, பெட்டியைக் கட்டுகிற பையனிடம் போய் 'கஷ்டம் உன்னை உயர்த்தும்' என்று சொல்லாதீங்கப்பா. அவனுக்கு ஒரு சித்தி வீடு இருக்கான்னு கேளுங்க.

அந்தச் சித்தி வீட்டு வாசலில் மணி அடிக்க ஒரு இரும்புப் பிடி உண்டு. சிறுவன் கிப்ளிங் எம்பி இழுப்பாராம். தனக்கென்று வீடு வந்த பிறகு அந்தப் பிடியைக் கேட்டு வாங்கித் தன் வாசலில் மாட்டினார், அதை இழுக்கிற வேறு பிள்ளைகளுக்கும் அதே சந்தோஷம் வரட்டும் என்று.