ஊசியா, ஊசி போட்ட கையா?

தடுப்பு மருந்தில் குற்றமில்லையாம், அதைக் குத்திய இடத்தில்தான் குற்றமாம், ஆகவே இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாதாம். அமெரிக்க சுகாதாரத் துறை 2020-இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான். காலமெல்லாம் கோப்பு பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். 'பொருந்தாது' என்ற சொல் எவ்வளவு பேரை வாசற்படியிலேயே திருப்பி அனுப்பும் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இது. ஃப்ளூ ஊசியை மேல்கைத் தசையில், தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே போட வேண்டும். மேலே ஏற்றிக் குத்தினால் மருந்து தோள்மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் இறங்கி, அங்கே அழற்சி உண்டாகலாம். வழக்கமான ஊசி வலி இரண்டு நாளில் போய்விடும். இது போகாது. சட்டை மாட்ட முடியாது, தலை வார முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மாதக்கணக்கில் இழுக்கும், சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். அரிதுதான். இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நம் வயதில் ஃப்ளூ பொல்லாதது.

அமெரிக்காவில் 1986-இல் சட்டம் போட்டு 1988 முதல் ஒரு நிதி நடக்கிறது. ஒவ்வொரு தடுப்பூசிக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி வாங்கி அதில் சேர்க்கிறார்கள். 2017 மார்ச்சில் தோள்பட்டைக் காயத்தையும் அதன் பட்டியலில் சேர்த்தார்கள். 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சம் 2,50,000 டாலர். வைத்தியச் செலவும் சம்பள இழப்பும் தனி. நியாயமான வழக்கு என்றால் தோற்றாலும் வக்கீல் கட்டணம் நிதியிலிருந்தே கிடைக்கும்.

இதைத்தான் பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் விதியும் வெளியிட்டார்கள். ஆட்சி மாறியது, ஏப்ரலில் அதே துறை அதை ரத்து செய்தது. ஆனால் அந்த வாதம் சாகவில்லை.

நான் கேட்கிறேன்: ஊசி இல்லாமல் அந்த மருந்து உடம்புக்குள் எப்படிப் போகும்? புட்டியிலேயே இருந்திருந்தால் யாருக்கும் தோள் வலித்திருக்காதே! வரி வாங்கும்போது ஊசியும் மருந்தும் ஒன்று, காசு கொடுக்கும்போது மட்டும் வேறு வேறா? பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் பாதிக்கப்பட்டவர் ஊசி போட்ட நர்ஸ் மீதோ மருந்துக்கடைக்காரர் மீதோ வழக்குப் போட வேண்டும். எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் குத்தினார் என்பதற்கு யார் சாட்சி? ஊசி போடுகிறவர்களுக்கும் இந்தச் சட்டம்தான் இன்று குடை. மனுக்களில் பெரும்பங்கு தோள்பட்டைதான் என்று அலுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஊசி போடக் கற்றுக் கொடுங்கள் ஐயா, கதவை ஏன் சாத்துகிறீர்கள்?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கமும் பார்ப்பது வழக்கம். 1964 ஜூலை 1-ஆம் தேதிச் சட்டத்திலேயே, கட்டாயத் தடுப்பூசியால் வந்த கேட்டுக்கு அரசே பொறுப்பு என்று பிரான்ஸ் எழுதிவிட்டது. 'சொலிதாரிதே நாசியோனால்' என்பார்கள். ஊருக்காக ஒருவன் கை நீட்டினால் அவன் கைக்கு ஊர் பொறுப்பு. ஆனால் அதிலும் ஓர் ஓட்டை: பொதுமக்களுக்கு ஃப்ளூ ஊசி கட்டாயமில்லை. பெரியவர்களை ஆண்டுதோறும் வா வா என்று கூப்பிட்டுவிட்டு, நீயாகத்தானே வந்தாய் என்பது என்ன நியாயம்?

நம் மத்திய அரசும் கொரோனா ஊசி விஷயத்தில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இதையேதான் சொன்னது: ஊசி கட்டாயமில்லை, பாதிக்கப்பட்டவர் சிவில் நீதிமன்றம் போகலாம். எழுபத்தைந்து வயதில் சிவில் வழக்கு! வாய்தா வாங்கி முடிவதற்குள் வாதி இருப்பாரா?

நிதி வரும்போது வரட்டும். அதுவரை ஊசி போடப் போனால் சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுத் தோளைக் காட்டாதீர்கள். கையை முழுசாக வெளியே எடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருந்தால் போடுகிறவரையும் உட்காரச் சொல்லுங்கள். நின்றுகொண்டு போட்டால்தான் ஊசி மேலே ஏறும். தேதி, எந்தக் கை, மருந்தின் பேட்ச் எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.