நல்ல உளுந்து கழிவுப் பெட்டியில் விழுவது ஏன்?

“எங்கள் உழவர் குழுவில் உள்ள கலர் சார்ட்டர் மெஷினில் குதிரைவாலி அரிசி நன்றாகப் பிரிகிறது. அதிலேயே உளுந்தைப் போட்டால் நல்ல உளுந்தும் கழிவுப் பெட்டியில் விழுகிறது. சென்சிடிவிட்டியைக் குறைத்தால், மழையில் நனைந்து நிறம் மாறிய உளுந்தும் நல்லதோடு போய்விடுகிறது. இதற்கு என்ன செய்வது?”

- வாசகர், திருச்சுழி வட்டம்.

கடைகளில் ‘சார்டெக்ஸ் அரிசி’ என்று சொல்கிறார்களே, அதைப் பிரிப்பதும் இதே வகை மெஷின்தான். தானியம் சரிவுத் தகட்டில் வழிந்து, மெல்லிய திரையாகக் கீழே விழும். முன்னும் பின்னும் உள்ள கேமராக்கள் அதைப் படம் பிடிக்கும். பழுது என்று தெரியும் மணியைக் காற்றுக் குழாய் ஊதித் தள்ளும். மெஷினுக்குத் தெரிவது படம் மட்டுமே. படம் தவறாக இருந்தால் சென்சிடிவிட்டியை எப்படித் திருப்பினாலும் பலன் இருக்காது.

செல்போனில் படம் எடுப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். வெயிலில் நிற்கும் வெள்ளைச் சேவலுக்கும் தொழுவத்து நிழலில் நிற்கும் எருமைக்கும் ஒரே வெளிச்ச அளவு பொருந்தாது. குதிரைவாலி அரிசி வெளிர் நிறம், உளுந்து கறுப்பு. அரிசிக்கு வைத்த அளவில் உளுந்தைப் படம் எடுத்தால் எல்லாமே இருட்டாகத் தெரியும். நல்ல மணிக்கும் பழுப்பு மணிக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனி அளவு வைத்து, அதன் பெயரிலேயே மெஷினில் சேமிக்க வேண்டும்.

அளவு மாற்றும் முன் சில வேலைகள் உண்டு. கரிசல் காட்டுத் தூசி கேமராவின் கண்ணாடியில் படிந்தால் படம் மங்கும். கண்ணாடியை உலர்ந்த, சுத்தமான பருத்தித் துணியால் துடைக்கவும். துடைப்பான் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றவும். விளக்குகளைப் போட்டு 15 முதல் 20 நிமிடம் கழித்தே அளவு வைக்கவும். சூடு ஏற ஏற வெளிச்சம் சற்று மாறும். கேமராப் பக்கம் நேர் வெயில் விழாமல் கொட்டகைக் கதவைச் சாத்தி வைக்கவும்.

பிறகு, கையால் பொறுக்கிய நல்ல உளுந்து ஒரு கிலோவை மட்டும் ஓட்டிப் பின்வருவனவற்றை வரிசையாகச் சரிசெய்யலாம்.

1. வெளிச்சம்: திரையில் உளுந்தின் வடிவமும் தோலின் நிறமும் தெளியும் வரை விளக்கைக் கூட்டவும். தோல் பளபளத்து வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் சற்றுக் குறைக்கவும்.

2. எக்ஸ்போஷர் நேரம்: படம் இருட்டாக இருக்கிறது என்று இதை நீட்டிவிடக் கூடாது. மணி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுவதாக வைத்துக்கொண்டால், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அது ஓர் உளுந்தின் நீளத்தில் பாதிக்கும் மேல். படம் இழுபட்டு, பழுது மறைந்துபோகும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் நகர்வு 0.3 மில்லிமீட்டர்தான்.

3. கெயின்: இருட்டுப் படத்தை மின்சாரத்தால் வெளுக்க வைப்பது இது. அதிகம் கூட்டினால் படத்தில் பொய்ப் புள்ளிகள் தோன்றும். அவற்றைப் பழுது என்று எண்ணி மெஷின் நல்ல மணியைத் தள்ளும். விளக்கு போதாதபோது மட்டும் கொஞ்சம் கூட்டவும்.

4. பின்பலகை: இதன் வெளிச்சம் நல்ல உளுந்தின் நிறத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். அப்போதுதான் பழுது மட்டும் தனித்துத் தெரியும்.

5. பழுதின் அளவு: உளுந்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு போல முளைக்கண் உண்டு. அது பழுது அல்ல. ஆனால் கேமராவுக்கு வெள்ளைப் புள்ளிதான். எத்தனை புள்ளி பெரிதாக இருந்தால் பழுது என்று கொள்ள வேண்டும் என்பதை, முளைக்கண்ணைவிடப் பெரிதாக வைக்கவும். நல்ல உளுந்து கழிவுக்குப் போவதில் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

இத்தனையும் முடித்த பிறகே சென்சிடிவிட்டிக்கு வரவும். நல்ல உளுந்தில் நிறம் மாறிய மணிகளை எண்ணிக் கலந்து ஓட்டி, எத்தனை வெளியே வருகின்றன என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும். சில அளவுகள் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கும். அவற்றுக்கு மெஷின் கம்பெனியின் டெக்னீஷியனை அழைத்து, உங்கள் உளுந்தை வைத்தே சரிசெய்யச் சொல்லவும்.

படம் சரியாக இருந்தும் நல்ல மணி போனால், வரத்தைக் குறைத்துப் பார்க்கவும். நெருக்கமாக விழுந்தால், ஒரு கெட்ட மணிக்கு ஊதும் காற்று பக்கத்து மணிகளையும் தள்ளிவிடும். கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடிக்கவும்.

ஒன்றை மட்டும் சாதாரண கலர் கேமராவால் செய்ய முடியாது. கரிசல் மண்கட்டியும் முழு உளுந்தும் ஒரே கறுப்பாகத் தெரியும். சல்லடையிலும் கல் நீக்கும் மெஷினிலும் ஓட்டிய பிறகே உளுந்தை இதில் போட வேண்டும்.

“எங்களிடம் மெஷின் இல்லை. கூலி கொடுத்து உளுந்தைப் பிரித்து வாங்குகிறோம். ஏமாறாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?”

- வாசகி, அருப்புக்கோட்டை.

நல்ல மூட்டையை மட்டும் பார்த்துவிட்டு வருவதுதான் பலருடைய வழக்கம். கழிவு மூட்டையையும் கட்டாயம் பாருங்கள். அதில் 100 கிராம் எடுத்து முறத்தில் கொட்டி, நல்லதையும் கெட்டதையும் தனித்தனியாக எடை போடுங்கள்.

ஒரு குவிண்டாலுக்கு 4 கிலோ கழிவு வருகிறது, அதில் பாதி நல்ல உளுந்து என்று வைத்துக்கொள்வோம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்தக் கணக்கில் 2 கிலோவுக்கு 156 ரூபாய். 20 குவிண்டால் என்றால் 3,120 ரூபாய் கழிவோடு போகிறது.

எனவே ஓட்டும் முன்பே மூன்று விஷயங்களைப் பேசிக்கொள்ளுங்கள். முதல் 5 கிலோவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு முன் வேறு பயிர் ஓடியிருந்தால், உளுந்துக்கான அளவை மாற்றினார்களா என்று கேளுங்கள். கழிவை இன்னொரு முறை ஓட்டித் தரச் சொல்லுங்கள். மிஞ்சும் கழிவு யாருக்கு என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். சொத்தையும் நொறுங்கலும் போக, அது உங்கள் நிலத்தில் விளைந்த உளுந்துதான்.