பெராரியும் பழைய புடவையும்

"ஒரு கோடீஸ்வரன் காரைத் தானமா குடுப்பானாம், இன்னொரு கோடீஸ்வரன் அதை ஏலத்துல எடுப்பானாம். இதுல ஏழைக்கு என்னய்யா இருக்கு?"

இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் எங்க திருக்காட்டுப்பள்ளி டீக்கடை பெஞ்சுல தவறாம விழுற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனா "ஒண்ணுமில்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட முடியாதுங்கறது என் கட்சி.

என்ஸோன்னு ஒரு கார். பெராரி கம்பெனி தன்னோட நிறுவனர் பேரையே வச்சு, பார்முலா ஒன் பந்தயக் கார் தொழில்நுட்பத்துல செஞ்சது. 12 சிலிண்டர், 660 குதிரை சக்தி. மொத்தம் 399 தான்னு சொன்னவங்க, 400-வதா ஒண்ணு கூடுதலா செஞ்சு தர்ம காரியத்துக்குன்னு வாடிகனுக்குக் குடுத்தாங்க. அப்போ போப்பா இருந்தவர் இரண்டாம் ஜான் பால். நம்ம பக்கத்துல இருக்கற பூண்டி மாதா கோயிலுக்கு 1999-ல பசிலிக்கா அந்தஸ்து குடுத்தாரே, அவரேதான். 2005 ஏப்ரல்ல அவர் காலமாயிட்டார். ஜூன் மாசம் அந்தக் காரை ஏலம் விட்டாங்க. 9,50,000 யூரோ, அன்னைய கணக்குல சுமார் 5 கோடி ரூபாய். அந்தப் பணம் சுனாமியில பாதிக்கப்பட்டவங்களுக்கு.

சுனாமின்னா நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. 2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. வேளாங்கண்ணிக்கு கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் போனவங்களும் அதுல உண்டு.

அப்போ ஊர் ஊரா துணி சேர்த்து லாரி லாரியா அனுப்புனாங்க. நல்ல மனசோட அனுப்பினதுதான், குத்தம் சொல்லல. ஆனா பழைய புடவையும் கிழிஞ்ச சட்டையும் ரோட்டோரம் குவிஞ்சு, மழையில நனைஞ்சு கெடந்த படம் எல்லா பத்திரிகையிலயும் வந்துச்சு. மீனவ ஜனங்க அதைத் தொடல. போட்டும் வலையும் போனவனுக்கு அடுத்தவன் கழிச்சுப்போட்ட சட்டை எதுக்கு?

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு மீனவனுக்குப் பழைய புடவையை விட பிரயோஜனம் இல்லாத பொருள் உலகத்துல உண்டுன்னா அது பெராரிதான் :-) ஆனா அதுதான் 5 கோடி ஆச்சு. காரணம், யாரோ ஒருத்தர் உக்காந்து அதைக் காசாக்குற வேலையைப் பார்த்தாங்க. துணியை அனுப்பினவங்க அந்த வேலையைப் பாக்கல. என்னைக் கேட்டா, தானத்துல பாதி குடுக்கறது. மீதி பாதி, வாங்கறவனுக்கு உதவற மாதிரி அதை மாத்தறது.

2012-ல இத்தாலியில எமிலியா பக்கம் நிலநடுக்கம் வந்தப்பவும் இதேதான். பெராரி தன்னோட 599 எக்ஸ்எக்ஸ் எவோ காரை ஏலம் விட்டுச்சு. பந்தயத் தடத்துல மட்டும்தான் ஓட்டலாம், ரோட்டுல எடுக்க அனுமதியே கிடையாது. அப்படிப்பட்ட கார் சுமார் 14 லட்சம் யூரோவுக்குப் போச்சு.

"அவசரப்பட்டு வித்துட்டாங்களே"ன்னு ஒரு வாதம் உண்டு. போப்போட அந்த என்ஸோ 2015-ல மறுபடி ஏலத்துக்கு வந்து 60 லட்சம் டாலருக்கு மேல போச்சு. பத்து வருஷத்துல அஞ்சு மடங்கு. அந்த லாபம் காரை வச்சிருந்தவருக்குத்தான், தர்மத்துக்கு இல்ல. வச்சிருந்து வித்திருக்கலாமோ?

கூடாதுன்னுதான் நான் சொல்வேன். ஜூன்ல மேட்டூர் தொறந்து தண்ணி வர்றப்ப, நாத்து விட, நடவுக்கு ஆள் வைக்க காசு வேணும். "பொறு, அறுப்பு முடிஞ்சதும் அஞ்சு மடங்கா தரேன்"னா நிலம் தரிசாத்தான் கெடக்கும். வீடு போனவனுக்கு 2005-ல வேணுங்கறது 2005-லயே வேணும்.

ஆனா ஏலத்தை ஒழுங்கா விடணும். 2021 டிசம்பர்ல மகிந்திரா கம்பெனி குருவாயூர் கோயிலுக்கு ஒரு தார் ஜீப்பைக் காணிக்கையா குடுத்தது. அந்த மாசமே ஏலம். அடிப்படை விலை 15 லட்சம். கேட்டது ஒரே ஒருத்தர், 15 லட்சத்து 10 ஆயிரத்துக்கு முடிச்சுட்டாங்க. புகார் கிளம்பி ஏலம் ரத்தாச்சு. 2022 ஜூன்ல மறுபடி விட்டப்ப 43 லட்சம்! அதே ஜீப்புங்க. நாலு பேருக்குத் தெரியாம விட்டிருந்தா கிட்டத்தட்ட 28 லட்சம் கோயிலுக்கு வராமலே போயிருக்கும்.

பணம் எங்க போகுதுன்னு முன்னாடியே சொல்றதும் முக்கியம். 2017 நவம்பர்ல போப் பிரான்சிஸுக்கு லம்போர்கினி கம்பெனி ஒரு ஹுராக்கான் குடுத்தது. அவர் பானெட்டுல கையெழுத்து போட்டதோட சரி. வித்து வர்ற காசு ஈராக்ல நினிவே சமவெளியில வீடிழந்தவங்களுக்கு, கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்கு, ஆப்பிரிக்காவுல வேலை செய்யற அமைப்புகளுக்குன்னு அப்பவே சொல்லிட்டாங்க. 2018 மே மாசம் அது 7,15,000 யூரோவுக்குப் போச்சு.

கம்பெனிக்கு விளம்பரம் கிடைக்குதேன்னா, கிடைக்கட்டுமே. கோயில் டியூப்லைட்டுல வெளிச்சமே தெரியாத அளவுக்கு உபயதாரர் பேரை எழுதற ஊர்தானே நம்மளது? வெளிச்சம் வருதான்னு பாருங்க, போதும்.

கார் எல்லாம் நமக்கு எட்டாது. ஆனா அடுத்த புயலுக்கு மூட்டை கட்டும்போது ஒரு நிமிஷம் யோசிக்கலாம். இதை இங்கயே வித்துக் காசா அனுப்பினா என்ன? வாங்கறவர்கிட்ட என்ன வேணும்னு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?

நீங்க என்ன நினைக்கறீங்க மக்களே? சண்டைக்கு வர்றவங்களும் வரலாம் :-)