விலை ஏறிய பழங் கார்: செலவு யார் தலையில்?

பழைய கார் வைத்திருப்போர் இந்நாட்டில் விசித்திரமானதோர் இன்பத்தை நுகர்ந்து வருகின்றனர். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் கொடுத்த பணத்திலும் கூடிய பணத்துக்கு அதே காரை இன்று விற்கலாம் என்பதே அவ்வின்பம். பிற நாடுகளில் கார் என்பது ஆண்டுதோறும் மதிப்பிழக்கும் பொருள். இங்கோ அது காணி உறுதிக்குச் சமமாகப் போற்றப்படுகிறது. சீதனப் பேச்சில் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதைக் கேளாதவர் யார்?

இந்த விலையேற்றம் எவ்வாறு வந்தது? 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று விகிதம் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் இறங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவையும் வரிச் சுமையோடேயே வந்தன. ஆகவே எமது முற்றத்தில் நிற்கும் காரின் மதிப்பு ஏறவில்லை, எமது ரூபாவின் மதிப்பே இறங்கிற்று. அதே டொலரில் வாங்கப்படும் பிறேக் கட்டையும் ரயரும் பற்றறியும் அதே வேகத்தில் விலையேறின என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அவ்வாறாயின் பழைய காரை விற்றுவிடுவதா? கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடுகிறார் என வைத்துக்கொள்வோம். அவரது பழைய கார் ஒரு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் தருகிறது. புதியது 20 தரும். வேறுபாடு 400 லீற்றர். லீற்றர் 300 ரூபா எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,20,000 ரூபா. திருத்த வேலைகளுக்கு இரண்டு இலட்சம் என்று தாராளமாகவே சேர்த்தாலும் மொத்தம் 3,20,000 ரூபா. இனி மறுபக்கம்: பழையதை 40 இலட்சத்துக்கு விற்று 90 இலட்சத்துக்கு வேறொன்று வாங்க 50 இலட்சம் கடன் வேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் வட்டி மாத்திரமே ஆண்டுக்கு ஆறு இலட்சம். முதல் இன்னமும் தலையில் நிற்கும். ஆகவே மாதச் சம்பளக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் பழைய காரே இலாபம். ஆனால் அந்த இரண்டு இலட்சத்தை உண்மையாகவே செலவழிப்பவருக்குத்தான் இலாபம். எம்மவரிற் பலர் காரை வைத்திருப்பர், செலவைச் செய்யார். குற்றம் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி ஒஸ்ரின் கார். “அந்தக் காலத்து ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இன்னும் ஓடவில்லையா?” என்பர். ஓடுகின்றன, மறுப்பதற்கில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியவை அந்தக் கார்கள். மண்ணெண்ணெய் முழுவதும் எரியாது, கரி படியும், எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். அப்படியிருந்தும் அவை பிழைத்தன. காரணம் என்ன? எஞ்சினைக் கழற்றிக் கரி சுரண்டி, தேய்ந்த பாகத்தைப் பட்டறையிற் கடைந்து பூட்டிய எமது கராச் தொழிலாளரின் கைகள். எவரும் செலவு செய்யாமல் அந்தக் கார்கள் ஓடிவிடவில்லை. பணமாகக் கொடுபடாத செலவு உழைப்பாகக் கொடுபட்டது, அவ்வளவே.

இன்று வயதேறிவரும் கார்கள் வேறு சாதியின. 2012ஆம் ஆண்டை அடுத்து வந்து குவிந்த டொயோட்டா அக்வா, ஹொண்டா பிட் போன்ற கலப்பின வண்டிகளின் பெரிய பற்றறியைக் கடைந்து பூட்ட முடியாது. அது போய்விட்டால் இலட்சக் கணக்கிலேதான் பேச்சு. இத்தனைக்கும் அதனைக் காக்கும் வேலை மிகச் சிறியது. பின்னாசனத்தருகே உள்ள காற்றுத் துவாரத்தில் அடையும் புழுதியைக் காலாகாலத்தில் துப்புரவாக்கினால் பற்றறி வெந்துபோகாது. எமது செம்மண் வீதிகளில் ஓடும் வண்டிக்கு இது எத்துணை அவசியம்! றேடியேற்றர் கதையும் இதுவே. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்பு நிறைந்தது; கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அந்த நீரையே றேடியேற்றரில் ஊற்றிவிட்டு, எஞ்சின் கொதிக்கிறதே என்று அங்கலாய்ப்பதில் என்ன நியாயம்?

கமக்காரருக்கு இது புதிய பாடமன்று. காலபோகத்துக்கு முன்னர் உழவு இயந்திரத்தின் ஒயிலை மாற்றாது வயலில் இறக்குபவர் அரிது. அந்த முன்யோசனை, படலைக்குள் நிற்கும் காருக்கு மாத்திரம் எப்படியோ கிடைப்பதில்லை. சட்டத்தரணியும் வைத்தியரும் கூட இதில் மேலானவர்கள் அல்லர். வர்ணப் பூச்சுக்குப் பணம் எடுப்பவர்கள் பிறேக் எண்ணெய்க்குத் தவணை சொல்வார்கள். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏறிய எண்ணெய், தொடர்ந்து பிறேக் மிதிக்கும்போது சூட்டிற் கொதித்துக் குமிழியிடும். அப்போது மிதிப்பது வெறும் காற்றையே. இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றினாற் போதும். ரயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் படித்தறிக: 2315 என்றிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த ரயர். பூ தேயாதிருந்தாலும் அதன் றப்பர் கிழடு தட்டிவிட்டது. அந்த ரயரோடும் அந்த எண்ணெயோடும் இரவிலே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 400 கிலோமீற்றர் கண்டி வீதியாற் கொழும்புக்குப் புறப்படுகிறோம். வழியிலே மாடும் யானையும் குறுக்கிடுவதைச் சொல்லவும் வேண்டுமா?

குடிமகனைக் குறை கூறிவிட்டு அரசாங்கத்தை விடுவதற்கில்லை. 2020இலும் 2022இலும் டொலர் இல்லாத வேளையிற் கார் இறக்குமதியை நிறுத்தியது முறையே என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் மக்கள் பழைய வண்டியையே வைத்திருக்கும் நிலையை உண்டாக்கிய அரசாங்கம், அதனைப் பழுதின்றி வைத்திருப்பதற்கு வழி செய்ததா? 2024 சனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி, பிறேக் கட்டைக்கும் அலங்காரச் சக்கரத்துக்கும் பேதமின்றி விழுகிறது. உயிர் காக்கும் பாகத்தை வாங்குபவரிடம் திறைசேரி இலாபம் தேடலாமா? கார் செல்வந்தரின் பொருள்தானே என்பார் சிலர். கிளிநொச்சியின் உட்கிராமம் ஒன்றிலிருந்து நள்ளிரவில் நோயாளியை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிவரும் அயலவரின் காருக்கு என்ன வயதென்று அவர்கள் கேட்டறியட்டும்.

இன்னுமொன்று. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்கின்றனர். தனியார் காரின் பிறேக் பிடிக்கிறதா, சுக்கான் ஆடுகிறதா, ரயருக்கு எத்தனை வயது என்று ஒருவரும் கேட்பதில்லை. புகை பார்க்கும் நிலையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. வண்டி எப்படியும் ஆண்டுக்கொரு முறை அங்கே போய் நிற்கத்தான் செய்கிறது. பிறேக்கைச் சோதிக்கும் உருளை இயந்திரமொன்றை அங்கேயே பொருத்துவதும், பிறேக் பாகங்களுக்கும் ரயருக்கும் உள்ள வரியைக் குறைப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும். வரியைக் குறையாது சோதனையை மாத்திரம் கொணர்ந்தால், ஏழை உரிமையாளர் சான்றிதழைக் கைமாற்றுக் கொடுத்து வாங்கப் பழகிக்கொள்வார். எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் இவ்விரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.